பூட்டிய வீடு

போன வாரம் படிக்கத் தவறியவர்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். கதை ஒன்றும் கையை விட்டுப் போய்விடவில்லை. நம் தையல்காரிக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்து இருபத்தேழு நாள் ஆகிறது. கால்வாய்க்கு இந்தப் பக்கத்துக் குடியிருப்பில் ஐந்நூறு தலை தேறினால்தான் இங்குள்ள சுகாதார நிலையமும் அதிலிருக்கும் ஒரே நர்ஸம்மாவும் நிலைப்பார்கள். ஒரு தலை குறைந்தாலும் எல்லாவற்றையும் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். இன்று மாலையோடு கணக்கு முடிகிறது.

இன்னொன்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். கெஞ்சியும் கொஞ்சியும் நூற்றுக்கும் மேற்பட்ட கதவுகளைத் திறக்க வைத்தவள், ஒரு கதவை மட்டும் வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறாள். அது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக் கதவு.

பத்து வருஷத்துக்கு முன்னாலும் இதே மாதிரி கணக்கெடுக்க வந்தார்கள். புருஷன் வீட்டிலிருந்து ஒரு வயதுக் குழந்தையோடு அவள் திரும்பி வந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அண்ணன் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பதில் சொன்னார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நாலு பேர் என்றார். அவர், அண்ணி, பையன், பெண். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஐந்தாவது ஆளாக அவளும், இடுப்பில் ஆறாவது ஆளாக அவள் குழந்தையும் நின்றுகொண்டிருந்தார்கள்.

வாழாமல் வந்த தங்கையை ஊருக்குக் காட்ட அவருக்கு வெட்கம். அந்த வெட்கத்துக்கு விலை கொடுத்தது அவள். அடுத்த வருஷம் புது வீடுகள் ஒதுக்கியபோது, பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆறு வருஷம் சலவைக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் தையல் மெஷினையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு கிடந்தாள். தகரத்தில் மழை விழும்போதெல்லாம் அந்த "நாலு" அவள் காதில் விழும்.

கணக்கெடுப்பில் ஒரு விதி இருக்கிறது. ஒரு வீட்டுக்கு மூன்று முறை போக வேண்டும். மூன்று முறையும் கதவு திறக்காவிட்டால், பதிவேட்டில் "பூட்டிய வீடு" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் அவர்கள் இல்லாதவர்கள்தான். அவர் தனக்குச் செய்ததை அவருக்குச் செய்துவிடலாம். அதுவும் விதிப்படியே.

அந்த ஆசையோடுதான் இன்று காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முதல் வீடு பூட்டுக்காரருடையது. ஒற்றை ஆள், ஒற்றை அறை, சுவர் முழுக்கச் சாவி. மூன்று வாரமாக அவளைத் துரத்திவிட்டுக்கொண்டிருக்கிறவர். நான் ஒருத்தன், என்னை எண்ணாவிட்டால் உலகம் சாய்ந்துவிடுமா என்று இன்றைக்கும் ஆரம்பித்தார். தையல்காரி வாதாடவில்லை. அலமாரியிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். இதைக் கொடுத்தது யார் என்றாள். நர்ஸம்மா என்றார். அடுத்த மாதம் இதை வாங்க அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போவீர்களா என்றாள்.

பூட்டுக்காரர் முழங்காலைப் பார்த்தார். மாத்திரையைப் பார்த்தார். எழுதிக்கொள் என்றார். வயது கேட்டதற்கு அறுபத்தெட்டு என்று சொல்லிவிட்டு, அறுபத்தைந்து என்று போட்டால் பெரிய குற்றமா என்று விசாரித்தார்.

அவள் எழுதி முடித்துக் கதவு நிலையில் சாக்கட்டியால் குறி போடும்போது, பின்னாலிருந்து சொன்னார்.

"என் கைக்குத் திறக்காத பூட்டே கிடையாது. ஆனா உங்க அண்ணன் வீட்டுப் பூட்டு வெளியில இல்லம்மா, உள்ளே இருக்கு. அதை எப்படித் திறக்கப் போறே?"

"எல்லாப் பூட்டையும் திறந்தே ஆகணும்னு இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் படி இறங்கினாள்.

பதினொன்றரை மணிக்குச் சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள். நானூற்று எழுபத்தெட்டு. இரண்டு தடவை கூட்டினாலும் அதுதான் வந்தது. நேற்று வரைக்கும் ஐந்நூற்றை நெருங்கிவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். செங்கல் சூளைப் பக்கம் மூன்று வீடுகளை அவள் தோராயமாகப் போட்டு வைத்திருந்தாள். போய்க் கேட்டால், அந்தக் குடும்பங்கள் முதல் தேதி இரவு இங்கேயே இல்லை. இந்த மாதம் முதல் தேதி இரவு எந்த வீட்டில் படுத்தார்களோ அந்த வீட்டில்தான் எண்ண வேண்டும். அதிலெல்லாம் இடுக்கு சந்து கிடையாது.

மீதி இருப்பது அண்ணன் வீடும், அவருடைய பேக்கரிக்குப் பின்னால் வேலையாட்கள் குடியிருக்கும் நாலு லைன் வீடுகளும்தான். கணக்குக்குப் பதில் சொல்கிறவர்கள் வேறு அடுப்பைத் தேடிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். எண்ணிவிட்டுப் போய் வீட்டை இடிப்பார்கள் என்று காரணம் வேறு. அவர் கதவு திறந்தால் அந்த நாலும் திறக்கும்.

நர்ஸம்மா ஊசிப் பெட்டியை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"உங்க அண்ணன் வீட்டுக்கு முதல் தடவை போனது காலையில அஞ்சு மணி. மொத்தக் குடும்பமும் அடுப்புக்கிட்ட நிக்கிற நேரம். ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. எல்லாரும் வேன்ல வெளியூர் போன அன்னிக்கு."

தையல்காரி பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத வீட்டுக்குள் யாரோ குழாயைச் சட்டென்று மூடின மாதிரி ஒரு சத்தம் கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அதைக் கேட்காத மாதிரியே வந்துவிட்டாள்.

"மூணாவது, இன்னிக்கு மூணு மணி. பூட்டிய வீடு." நர்ஸம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஆகாத மூணு மணியில அந்த வீடு பூட்டியிருந்ததை நீ எப்படிம்மா பார்த்தே?"

பென்சிலால் காலையிலேயே எழுதி வைத்திருந்தாள். இருபத்தேழு நாளாக அந்த இரண்டு வார்த்தையை எழுதத்தான் கை துடித்தது.

அண்ணன் தன்னை இல்லாமல் ஆக்கியதைச் சொன்னாள். தகரக் கொட்டகையைச் சொன்னாள். அந்தப் புழுக்கத்தில்தான் மகளுக்கு மூச்சுத் திணறல் வந்தது. நாலு முறை அதே நர்ஸம்மா மடியில்தான் அந்தப் பெண் மூச்சைத் திரும்பப் பிடித்தது. எல்லாம் தெரிந்த கதைதான். நர்ஸம்மா முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"உன் கோபம் நியாயம். ஆனா அதுக்காக நான் பெட்டி கட்டணுமா?"

"நீங்க ஏன் கட்டணும்? ஆனா அவரைச் சும்மா மட்டும் விடமாட்டேன்."

"சும்மா விடுன்னு யார் சொன்னது? எண்ணிட்டு, அப்புறம் விடாதே."

தையல்காரி ரப்பரை எடுத்து அழித்தாள். அழுத்தி எழுதியிருந்ததால் தடம் போகவில்லை.

மூன்று மணிக்கு அண்ணன் வீட்டில்தான் இருப்பார். காலை ரொட்டி முடிந்து, மாலை மாவு பிசையும் வரைக்கும் ஒரு தூக்கம். ஊருக்கே தெரியும். பையனும் வேனை எடுத்துக்கொண்டு கடைகளுக்குப் போட்டுவிட்டு வரப் போயிருப்பான்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து. அதில் துணி உலர்த்தும் கொடி. நேராக வாசலுக்குப் போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. வெயிலுக்கு ஒதுங்கிச் சந்து வழியாக வந்தாள்.

கொடியில் ஒரு மெரூன் ரவிக்கை உள்பக்கம் வெளியே தெரிய உலர்ந்துகொண்டிருந்தது.

தன் கைத்தையலை எந்தத் தையல்காரியும் அடையாளம் கண்டுகொள்வாள். இது அண்ணன் மகள் தும்பிக்குக் கல்யாணத்துக்காகத் தைத்தது. போன வருஷம் அண்ணி யாருக்கும் தெரியாமல் நர்ஸம்மா மூலம் அளவு ரவிக்கையைக் கொடுத்தனுப்பினாள். கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை. தைத்த ரவிக்கையை மட்டும் இவள் அனுப்பி வைத்தாள். இந்த வயதில் உடம்பு ஒரே அளவில் நிற்காது என்று பக்கத்துக்கு இரண்டு விரல் துணி உள்ளே விட்டுத் தைத்திருந்தாள்.

அந்த இரண்டு விரலும் இப்போது பிரிக்கப்பட்டிருந்தது. பழைய தையல் ஓடிய இடம் வெளிறிக் கோடாகத் தெரிந்தது. அதற்கு வெளியே கையால் போட்ட கோணல் தையல். ஒரே தடவையில் பிரிக்கவில்லை. முதலில் ஒரு விரல், அப்புறம் இன்னொரு விரல்.

மாமியார் வீட்டில் மூன்று மாடி, வாசலில் காவலாள், பெண் ராணி மாதிரி இருக்கிறாள் என்று அண்ணன் பேக்கரி கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சொல்லாத நாள் இல்லை. ராணியின் ரவிக்கை அப்பன் வீட்டுக் கொடியில் உலர்கிறது. தும்பி வந்துவிட்டாள். மாசமாக வந்திருக்கிறாள். அவளை இவர் ஒளித்து வைத்திருக்கிறார்.

கதவு ஏன் திறக்கவில்லை என்பது அவளுக்கு இப்போது புரிந்தது. இடிப்பார்கள் என்பதெல்லாம் வெளிப்பேச்சு.

அந்த நிமிஷம் அவளுக்கு வந்தது இரக்கம் என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். வந்தது சந்தோஷம். நாக்கில் இனித்தது. பத்து வருஷமாகத் தேடிய சாமான் கொடியில் காய்கிறது.

வாசலுக்குப் போனாள். விரலால் தட்டவில்லை. பையிலிருந்த மர ஸ்கேலால் தட்டினாள். தெருவே கேட்கட்டும் என்று தட்டினாள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. லைன் வீட்டு ஆட்கள் சந்து முனைக்கு வந்து நின்றார்கள். பூட்டுக்காரர்கூட முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. பத்து வருஷமாக அவர் தங்கையோடு நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மனைவியிடம் சொல்லுவார், இவள் காதில் விழ.

"வெளியில நிக்கிறவங்ககிட்ட சொல்லு. இந்த வீட்டுல எண்ணுறதுக்கு ஒண்ணும் இல்லன்னு."

"முதல் தேதி ராத்திரி இந்த வீட்டுல படுத்தவங்க எத்தனை பேர்?" என்று தையல்காரி தெருவைப் பார்த்துக்கொண்டே உரக்கக் கேட்டாள்.

கதவு திறந்தது. அண்ணன் நின்றார். தூக்கம் கலைந்த முகம், தோளில் துண்டு. தெருவில் இத்தனை பேரைப் பார்த்ததும் துண்டைச் சரி செய்துகொண்டார். அதே வாசல் நிலையில் அதே மாதிரி சாய்ந்தார்.

"நாலு பேர். எழுதிக்கிட்டுப் போ."

பத்து வருஷத்துக்கு அப்புறம் அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதே நாலு.

கொடியில் காய்வது யாருடைய ரவிக்கை என்று ஒரே ஒரு கேள்வி. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்துவிட்டாள். ஆனால் வேறு கேள்விதான் வந்தது.

"இன்னொரு தடவை கேக்கறேன். யாரையாவது மறந்துட்டீங்களா? போன தடவை ரெண்டு பேரை மறந்துட்டீங்க."

அவர் தாடை இறுகியது. யாரையும் மறக்கவில்லை, நாலுதான் என்றார். சந்து முனையில் யாரோ கனைத்தார்கள்.

அப்போது அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஈரம். ஒரு ஸ்டூலை இழுத்து வந்து, வாசற்படியில் அண்ணனுக்கு முன்னால் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

"பதினெட்டு வயசு தாண்டின யார் வேணா பதில் சொல்லலாம்னு வீடு வீடாச் சொன்னியாமே?"

"சொல்லலாம் அண்ணி."

"அப்ப எங்கிட்ட கேளு."

அண்ணன் உள்ளே போ என்று அதட்டினார். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முதுகைத் தையல்காரி இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேராகப் பார்த்ததில்லை.

படிவத்தைத் தொடை மேல் வைத்துப் பிரித்தாள். முதல் வரிசை குடும்பத் தலைவருக்கு. மற்ற எல்லாரையும் அந்த ஒருவருக்கு என்ன உறவு என்றுதான் எழுத வேண்டும்.

"குடும்பத் தலைவர் பேரு?"

"என் பேரை எழுது."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது, இந்த வீட்டுக்கு யார் தலைவர் என்று ஊருக்கே தெரியும் என்றார்.

"வீட்டுல இருக்கறவங்க யாரைச் சொல்றாங்களோ அவங்கதான் தலைவர். புத்தகத்துல இருக்கு," என்றாள் தையல்காரி. சொல்லும்போது குரலில் தேன் வழிந்தது. "வீட்டுல மத்தவங்க என்ன சொல்றாங்க?"

அண்ணன் வீட்டு மருமகள், பையனின் மனைவி, கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மாமனார் முன்னால் வாய் திறக்காத பெண். "அத்தைதான்" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பின்னால், வீட்டின் கடைசி அறையிலிருந்து, இன்னொரு குரல் கேட்டது.

"அம்மாதான்."

தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் குரல் தெரியும். பேக்கரி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்த குரல்.

தும்பி கூடத்துக்கு வந்து நின்றாள். நாற்பது நாளாக வெயில் படாத முகம். வயிற்றை மறைக்கத் துணி எதுவும் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் நிலையிலிருந்து சரிந்து, படிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உன்மேல் பழி போட வழியில்லை, என் மகளே சொல்லிவிட்டாள் என்கிற மாதிரி ஒரு பார்வை தங்கை பக்கம் வந்து போனது. தையல்காரி அந்தப் பார்வையை நிதானமாக வாங்கிக்கொண்டாள்.

பதிவேட்டில் "பூட்டிய வீடு" என்று எழுதி அழித்த தடத்துக்கு மேலேயே அண்ணியின் பெயரை அழுத்தி எழுதினாள். பிறகு படிவத்தின் இரண்டாவது வரிசைக்கு வந்தாள்.

"இவர் உங்களுக்கு என்ன உறவு?"

"கணவர்."

"எழுதப் படிக்கத் தெரியுமா?"

எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அது. ஆனால் மூன்று கடைக்கு முதலாளியான அண்ணனிடம் தெரு நடுவில் கேட்டபோது, பூட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணி தெரியும் என்றாள். தையல்காரி ஒவ்வொரு கேள்வியையும் அவசரமில்லாமல் கேட்டாள். வேலை என்ன. சொந்தத் தொழிலா, கூலி வேலையா. உடம்பில் குறை ஏதும் உண்டா. பார்வை சரியாகத் தெரியுமா. கூட இருக்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிவார்களா என்று மட்டும் புத்தகத்தில் இல்லை. இருந்திருந்தால் அதையும் கேட்டிருப்பாள்.

பையன், மருமகள். ஐந்தாவது வரிசைக்கு வந்தாள். மகள். அடையாள எண்ணைத் தும்பியே சொன்னாள். முதல் தேதி இரவு இங்கேதான் படுத்தாயா என்று கேட்டதற்கு, நாற்பது நாளாக இங்கேதான், கடைசி அறையில் என்றாள்.

"கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு. தொடரலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டிருக்கேன். அதுக்குக் கட்டம் இருக்கா அத்தை?"

"இல்லை கண்ணு. ஆகலை, ஆச்சு, பிரிஞ்சாச்சு, செத்தாச்சு. அவ்வளவுதான் கொடுத்திருக்காங்க."

"அப்ப ஆச்சுன்னே போடுங்க. பாவம், கட்டம் இல்லாம நீங்க என்ன செய்வீங்க."

சந்து முனையில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் தும்பியின் முகத்திலும் கொஞ்சம் ரத்தம் வந்தது.

அண்ணி கையெழுத்துப் போட்டாள். பிறகு ஸ்டூலிலிருந்து எழுந்து சந்துப் பக்கம் பார்த்து, உங்க உங்க வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து வையுங்க, எவன் அடுப்பை அணைக்கிறான் என்று நான் பார்க்கிறேன் என்றாள். லைன் வீடு நாலும் திறந்தது.

தையல்காரி அந்தப் பக்கம் போகும்போது அண்ணி கூடவே சந்து வரைக்கும் வந்தாள். கொடியருகே இருவரும் நின்றார்கள்.

"அன்னிக்கு இந்த ஸ்டூலை ஏன் போடல அண்ணி?"

அண்ணி ரவிக்கையைக் கொடியிலிருந்து உருவி மடித்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"அன்னிக்குப் போனது நீ. இன்னிக்குப் போறது எம்பொண்ணு."

தையல்காரி தலையை ஆட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பொய்யாவது சொல்லாமல் இருந்தாளே என்பதற்காக ஆட்டிய தலை அது. கோணல் தையலை விரலால் தடவிப் பார்த்து, நாளைக்குக் கொடுத்தனுப்புங்கள், ஒழுங்காகப் போட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

லைன் வீடுகளில் பதினேழு. அண்ணன் வீட்டில் ஐந்து. நர்ஸம்மாவின் பெஞ்சில் உட்கார்ந்து கூட்டினாள். ஐந்நூறு. நர்ஸம்மா பதிவேட்டை வாங்கித் தானும் ஒரு தடவை கூட்டினார். அவள் தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டு, ஊசிப் பெட்டியைத் திரும்பத் திறந்து அடுக்க ஆரம்பித்தார்.

ஐந்தரை மணிக்குப் படிவங்களைப் பையில் போட்டுக்கொண்டு பாலம் ஏறினாள். பாதிப் பாலத்தில் பேக்கரி வேன் அவளைக் கடந்து போனது. உள்ளே ரொட்டித் தட்டு ஒன்றும் இல்லை. ஓட்டியது பையன் இல்லை, அண்ணன். மாலை அடுப்பு மூட்டும் நேரத்தில் அவர் பேக்கரியை விட்டு நகர்ந்து அவள் பார்த்ததே கிடையாது. அவளைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி முகத்தை நேரே வைத்துக்கொண்டு போனார்.

அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூட அறையில் மேற்பார்வையாளர் அம்மா ஒவ்வொரு படிவமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கடைசி நாள் என்பதால் வரிசை நீளம். இவள் முறை வந்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். எல்லாம் பச்சையாக ஏறிக்கொண்டே போனது. ஒரு வரி மட்டும் சிவப்பாக நின்றது.

"இந்தப் பொண்ணு ஏற்கெனவே பதிவாயிருக்கே."

தையல்காரிக்குப் புரியவில்லை. மேற்பார்வையாளர் திரையைத் திருப்பிக் காட்டினார். தும்பியின் அடையாள எண். நகரத்தில் மூன்று மாடி வீடு. முதல் தேதி இரவு இங்கேதான் படுத்திருந்தாள் என்று கணவன் சொல்லி, கணவனே கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஓடி வந்த பெண்டாட்டியை அவன் வீட்டில் இருப்பதாகக் காட்டியிருக்கிறான். வந்த மகளை அப்பன் இல்லை என்று காட்டியிருக்கிறார். இருவருக்கும் ஒரே வெட்கம்.

ஒருத்தி இரண்டு வீட்டில் படுத்திருக்க முடியாது. எது பொய் என்று தெரியும் வரைக்கும் இரண்டிலும் அந்தப் பெயர் நிற்காது என்றார் மேற்பார்வையாளர். திரையின் மூலையில் எண் மாறியது. நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

நாளை மதியம் வரைக்கும் அவகாசம் இருந்தது. அந்தப் பெண் நேரில் வர வேண்டும், எந்த வீடு என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் அந்தக் கணவனுக்குப் போன் போட்டு மேஜை மேல் வைத்தார். மரியாதையான குரல். ஆமாம், என் மனைவி வீட்டில்தான் இருக்கிறாள், மாடியில் தூங்குகிறாள் என்றான். பின்னால் ஏதோ வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"அப்ப நாளைக்கு மதியம் அவங்களை நேர்ல கூட்டிட்டு வரணும்."

"தாராளமா. நானே கையோட கூட்டிட்டு வர்றேன்," என்றான்.

கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னான். இல்லாத பெண்ணை எங்கிருந்து கூட்டி வருவான் என்று தையல்காரி ஒரு கணம்தான் நினைத்தாள். அதற்குள் அந்த வண்டிச் சத்தம் அவள் மனதில் பாலத்தில் கடந்து போன வேனோடு போய் ஒட்டிக்கொண்டது.

ஒப்புகைச் சீட்டு, கையெழுத்து, முத்திரை எல்லாம் முடியக் கால் மணி நேரம் ஆனது. வராந்தாவுக்கு ஓடி வந்து அண்ணிக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். ஓய்ந்தது. மூன்றாவது தடவை அண்ணி எடுத்தாள். வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன், இவரை வேறு காணோம், பையனும் பேக்கரியில்தான் இருக்கிறான் என்று ஆரம்பித்தாள்.

"அண்ணி, தும்பி எங்க?"

"இங்கதான். ஏன்?"

"கதவைப் பூட்டுங்க. உள்பக்கம் தாழ்ப்பாளைப் போடுங்க. யார் வந்து தட்டினாலும் திறக்காதீங்க."

இருபத்தேழு நாளாகத் தட்டின கதவையெல்லாம் திறங்கள் திறங்கள் என்று கெஞ்சிய வாய் அது. அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. யார் வரப் போகிறார்கள் என்று கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் போனுக்குள் ஒரு ஹார்ன் கேட்டது. காலையில் ரொட்டியோடு தெருவுக்குத் தெரு கேட்கும் அதே ஹார்ன். எஞ்சின் நின்றது. வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு.